சின்னப்பொண்ணுக்கு வைத்த மாஸ்க்

மாதப்பன் அண்ணன் எங்கள் கால்நடை டிஸ்பென்சரியின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது காக்கிச் சட்டையெல்லாம் பூனை முடி. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மொரப்பூர் போகும் பஸ்ஸின் டிரைவர். அவர் மீசையைப் பார்த்தால் எதிரே வரும் லாரி ஒதுங்கும். அந்த மனுஷன் அழுதுகொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, சின்னப்பொண்ணுக்கு மூச்சு வாங்குதுங்க. போன தடவ போட்ட ஊசியவே போட்டுடுங்க!"

அவர் கையிலிருந்த பூனை கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து தவித்தது. ஆஸ்துமா. போன தடவை போட்டது ஸ்டீராய்டு. அது மூச்சைச் சரியாக்கியது, சுகரைக் கன்னாபின்னாவென்று ஏற்றிவிட்டது. சின்னப்பொண்ணு ஏற்கெனவே இன்சுலினில் இருப்பவள்.

"அதையே போட்டுக்கிட்டிருந்தா சுகர் கொன்னுடும். சும்மா இருங்கண்ணே!" என்று அதட்டிவிட்டு, ஆக்ஸிஜன் வைத்து, மூச்சுக்குழாயை விரிக்கும் ஊசி போட்டேன். நெஞ்சு அடங்கியது. எனக்கும்தான்.

மிஞ்சியது இன்ஹேலர். ஸ்டீராய்டு நேராக நுரையீரலுக்குப் போகும், ரத்தத்தில் கலப்பது கொஞ்சம். படித்திருக்கிறேனே தவிர, பூனைக்குக் கொடுத்ததில்லை. கை பரபரத்தது! கைக்குழந்தை மாஸ்க்கும், மருந்தைப் பிடித்து வைக்கும் ஸ்பேசர் குழாயும் வாங்கிவரச் சொன்னேன்.

மெடிக்கல் ஷாப்பில், "பாப்பாவுக்கு எத்தன மாசங்கண்ணா?" என்று கேட்டிருக்கிறார்கள். இவர், "எட்டு வயசுங்க. மீச இருக்குது" என்றாராம்.

ஈரல் வேகவைத்த தண்ணீரை மாஸ்க்கின் விளிம்பில் தடவிப் பழக்கினோம். ஒருநாள் சின்னப்பொண்ணு தானாகவே முகத்தை உள்ளே நுழைத்தாள். சிறுபிள்ளை மாதிரி கைதட்டிவிட்டேன்.

ஆனால் வாரங்கள் போயும் இழுப்பு விடவில்லை. மாதப்பன் அண்ணன் உடைந்துபோனார்.

"பழைய ஊசியவே போட்டுடுங்கம்மா. சுகர் ஏறுனா ஏறிட்டுப் போவுது. மூச்சாச்சும் வுடட்டும்."

வேறு வழியில்லையோ என்று எனக்கே தோன்றியது. கடைசியாக ஒருமுறை நெஞ்சைக் கேட்கலாமென்று ஸ்டெத்தோடு குனிந்தேன். பூனையின் முதுகில் கோயில் வாசனை!

"என்னண்ணே இது?"

"சாம்பிராணிங்க," என்றார் பெருமையாக. "மாஸ்க்க எடுத்ததும் புகை காட்டிருவேன். எங்க வூட்ல கைப்புள்ளைங்களுக்கெல்லாம் அப்படித்தாங்க. சளி கட்டாதுங்களே!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அட மகராசா! ஒரு கையில மருந்து, மறு கையில நோயா?" என்று கத்தினேன். அடுத்த நொடி சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகம் செத்துப்போயிருந்தது. குழந்தை மாஸ்க் வாங்கிவரச் சொன்னது நான்தானே, குழந்தைக்குச் செய்வதையெல்லாம் செய்திருக்கிறார்.

புகை நின்றது. வீட்டுக்குள் பீடியையும் நிறுத்தினார். மருந்து அதேதான், அளவும் அதேதான். அடுத்த தடவை வந்தபோது சின்னப்பொண்ணு என் கையிலிருந்து நழுவி மருந்து பீரோவின் உச்சிக்குத் தாவினாள். இழுப்பே இல்லை! சுகர் இறங்கியிருந்தது, இன்சுலினையும் குறைத்தேன். அண்ணன் மறுபடி அழுதார். இந்த முறை நான் அதட்டவில்லை.

புதிதாக வரும் டாக்டர்களுக்குச் சொல்கிறேன். டோஸைக் கூட்டுமுன், வீட்டில் பாசத்தோடு வேறென்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். ஸ்டெத்தை எடுக்குமுன் பூனையின் முதுகை மோந்து பாருங்கள்.

எங்கள் டிஸ்பென்சரியைத் தாண்டும்போது மாதப்பன் அண்ணன் ஒரு ஹாரன் அடிப்பார். சின்னப்பொண்ணு சுகம் என்று அர்த்தம். இன்று காலையிலும் அடித்தார்.