மச்சத்துக்கு அளவெடுத்த நாள்

என் வலது கண்ணுக்குள்ளே, விழித்திரைக்கு அடியில், ஒரு மச்சம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கண்ணாடி மாற்றப் போன இடத்தில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்த டாக்டரம்மாதான் கண்டுபிடித்தார். கெட்ட கட்டி இல்லை, ஆனால் வளர்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். கண்ணில் மச்சம் இருந்தால் ராசி என்றாள் என் நாத்தனார். அவள் கண்ணில் இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவாளா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

நான் லேடீஸ் டெய்லர். தேரடித் தெருவை ஒட்டிய சந்தில் கடை. நான் தைத்த ஜாக்கெட் பிரிப்பதற்குத் திரும்பி வருவது அபூர்வம். கடைக்கு வரும் பெண்களிடம் மச்சத்தைப் பற்றியும் பெருமையடித்துக்கொள்வேன். நான் வளர்த்த பிள்ளைகளே பேச்சுக் கேட்பதில்லை, இது இரண்டு வருஷமாக இருந்த இடத்தில் இருந்தபடி இருக்கிறது என்பேன்.

போன முறை ஸ்கேன் எடுத்ததும் டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மச்சத்தின் கனம் கொஞ்சம் கூடியிருப்பதாகத் தெரிகிறது, நிஜமாகவே வளர்ந்திருந்தால் சென்னைக்குப் போய்க் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுக்க வேண்டியிருக்கும், அந்தக் கண்ணில் பார்வை குறையலாம் என்றார். கதவோரம் நின்றிருந்த என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஒற்றைக் கண்ணை நம்பிப் பட்டுத் துணியில் எப்படிக் கத்திரி வைப்பேன்?

டாக்டரம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "ஸ்கேன் எடுக்கும்போது மூடின கண்ணால எங்க பாத்துக்கினு இருந்தீங்க?"

மேலே பார்க்கச் சொன்னார், பார்த்தேன். ஆனால் இமைமேல் அந்தக் குளிர்ந்த ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்ததும், வாய் தானாக அண்ணாமலையாரைக் கூப்பிட்டது. மலை இருக்கும் பக்கமாகக் கண்ணும் போய்விட்டது. அதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். இந்த ஊரில் கண்ணை மூடச் சொன்னால் பாதிப் பேர் மலையைத்தான் பார்க்கிறார்கள் என்றார். கண் நகர்ந்தால் கருவி மச்சத்தைக் குறுக்காக வெட்டிக் காட்டுமாம், கனம் ஜாஸ்தியாகத் தெரியுமாம். டேப்பைச் சாய்த்துப் பிடித்தால் இடுப்பளவு கூடிப்போவதைத் தினமும் பார்க்கிறவள் நான், எனக்கு விளக்கவே வேண்டியதில்லை.

"இன்னொரு வாட்டி எடுத்துடலாம்மா. சாமிய அப்புறம் கும்பிட்டுக்கலாம். இப்ப நான் சொல்ற பக்கம் மட்டும் பாருங்க."

சொல்வது சுலபம். பிறந்ததிலிருந்து பயம் வந்தால் அவரைக் கூப்பிட்டே பழகிய வாய் இது. வளர்ந்திருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும் நேரத்தில் கூப்பிடாமல் படுத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கழுத்து வளைவு வெட்டும்போது மூச்சை அடக்குவேனே, அப்படி அடக்கிக்கொண்டு மேலே மட்டும் பார்த்தேன். மலையும் வரவில்லை, சாமியும் வரவில்லை. இமைமேல் கருவி ஊர்ந்துகொண்டே இருந்தது.

டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பினார். இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"வளரலைம்மா. பழைய அளவேதான். கண்ண ஆட்டவே இல்ல நீங்க."

டெய்லராகி இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். எதுவும் இதற்கு ஈடாகாது. ஜெல்லைத் துடைக்கும் சாக்கில் கொஞ்ச நேரம் அழுதேன்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் கோயிலுக்குப் போகலாம் என்று ஆட்டோவைக் கூப்பிட்டார். ஏறி உட்கார்ந்த பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டாவது வாட்டி எடுக்கும்போது என்னா வேண்டிக்கினே?"

"ஒண்ணும் வேண்டிக்கலங்க," என்றேன். "நானேதான் கண்ண நேரா வச்சிக்கினு இருந்தேன்."