ஆலை மூடிய மார்கழி

தீபாவளி முடிந்ததும் எங்கள் பக்கத்துப் பட்டாசு ஆலைகளை ஒரு மாதம் போல மூடிவிடுவார்கள். வருடம் முழுக்க நான் காத்திருப்பது அந்த ஒரு மாதத்துக்குத்தான். விடியுமுன் எழுந்து கம்பெனி வேனுக்கு ஓட வேண்டாம். அந்த வருடம் சோதனை, அனுமதி என்று ஏதேதோ சொல்லி, திறப்பதைத் தை மாதத்துக்குத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். மழை நன்றாகப் பெய்து, வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் கிடந்தது. காலையில் பனி விலகி வெயில் உறைக்கவே எட்டு மணி ஆகும். கொஞ்ச நாள் மனுஷியாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

நான் பாக்கிங்கில் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் அதே ஆலையில் சாம்பிள் வெடித்துப் பார்ப்பவர். லோடு ஏற்றுமுன் சில வெடிகளைப் பொட்டல் வெளிக்கு எடுத்துப்போய்க் கொளுத்தி, சரியாக வெடிக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பதினெட்டு வருடமாக அதே வேலை.

நாங்கள் பேசிக்கொள்வது நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. அதைச் சண்டை என்றும் சொல்ல முடியாது. பத்து வார்த்தை சொன்னால் "ம்" என்பார். பல நேரம் அதுவும் வராது. மதிக்காத மனுஷனிடம் என்ன பேச்சு என்று நானும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டேன். மகள் கல்யாணத்தோடு சுத்தமாக விட்டுவிட்டேன்.

அந்த மாப்பிள்ளை குடிப்பான் என்று பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முதல் நாள்தான் எனக்குத் தெரிந்தது. தோசை ஊற்றிக்கொண்டே இவரிடம் சொன்னேன்.

"பையன் குடிக்கானாம். எனக்கு மனசே இல்ல. நிறுத்திருவமா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையை ஆட்டினார். "சரி, நல்லபடியா நடத்திருவோம்."

நான் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் நடந்தது. ஆறாவது மாதமே மகள் வீங்கிய முகத்தோடு வந்து நின்றாள். அன்றிலிருந்து இவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த "நடத்திருவோம்" தான் எனக்கு ஞாபகம் வரும்.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். தெருவே அடங்கிக் கிடந்தது. வேன் சத்தம் இல்லை, ஆள் சத்தம் இல்லை. இவர் வாசலில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் வந்த என் கையிலிருந்து பித்தளைக் குடம் நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. எதிர் வீட்டு நாய் துள்ளி எழுந்து குரைத்தது. இவர் அசையவே இல்லை.

"ஏங்க" என்றேன். திரும்பவில்லை. இன்னும் நெருங்கி நின்று, ஒரு பெண்டாட்டி புருஷனைப் பார்த்துச் சொல்லக் கூடாத வார்த்தையைச் சொன்னேன். அதற்கும் திரும்பவில்லை. முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"ஒங்களுக்குக் காது கேக்குதா, இல்லையா?"

வலது காதைத் தொட்டுக் காட்டினார். "வலது பக்கம் எப்பவாச்சும் கொஞ்சம் கேக்கும். இடது போயி அஞ்சாறு வருசம் ஆச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஆபீஸ்ல நிறுத்திருவாக."

"எங்கிட்டயுமா?"

"நீ பேசுறப்ப வாயப் பாத்துப் புரிஞ்சுக்கிடுவேன். அடுப்பப் பாத்துத் திரும்பிக்கிட்டுப் பேசினீன்னா ஒண்ணும் தெரியாது. சும்மா தலைய ஆட்டிருவேன்."

அந்தத் தோசை நாளை அவர் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

"கல்யாணத்த எப்படி நடத்துறதுன்னு நீ கேக்கேன்னுல நெனச்சேன்" என்றார். பிறகு, "கையப் புடிச்சு உலுக்கிக் கேட்டிருக்கலாம்ல நீ" என்றார்.

கேட்டிருக்கலாம். அவரும் சொல்லியிருக்கலாம். மிச்ச மார்கழி முழுவதும் இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரோரம் உட்கார்ந்து இதையேதான் யோசித்தோம். நான் ஏங்கிக் கிடந்த ஓய்வு அது. அப்படியொரு அமைதி யாருக்கும் வரக் கூடாது.

பொங்கலுக்கு மகள் கைக்குழந்தையோடு வந்தாள். இவர் சொல்லச் சொன்னதால், காது கேட்காததையும் அந்தத் தோசை நாளையும் நானே அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"எனக்கும் அவர பிடிக்கலதான்மா. அப்பா சரின்னுட்டாகன்னு நீ சொன்னதாலதான் நானும் சரின்னேன்."

"இங்கனயே இருந்துரு தாயி" என்றார் இவர், வழக்கத்தைவிடச் சத்தமாக.

"இனிமே என்னப்பா" என்றாள். மறுநாள் சாத்தூருக்கு, புருஷன் வீட்டுக்கே பஸ் ஏறிவிட்டாள்.

ஆலை திறந்த அன்று இவரிடம் சொல்லாமல் நான் போர்மேனைப் போய்ப் பார்த்தேன். என் வீட்டுக்காரருக்குக் காது கேட்கவில்லை, வேறு வேலை கொடுங்கள் என்றேன். அக்கறையில் போனேனா ஆத்திரத்தில் போனேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

போர்மேன் ஆச்சரியப்படவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்.

"அது எல்லாருக்கும் தெரியும்க்கா. காது நல்லா கேக்குற ஆள அந்தச் சத்தத்துல விட்டா எம்புட்டு நாளைக்கு நிப்பான்?"

நான் பாக்கிங்குக்குத் திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவள், "லீவுல நல்லா ரெஸ்ட் எடுத்தீகளாக்கா?" என்று கேட்டாள். எடுத்தேன் என்று சொன்னேன்.