செல்வமலர் அன்ரி கேட்க வந்த கேள்வி

புலம்பெயர்ந்து நாங்கள் குடியிருக்கும் புறநகர் அஜின்கோர்ட்டில் இருந்து டவுன்டவுன் போவதெல்லாம் ஒரு பயணமா என்று சிரிக்காதீர்கள். வயதானவரோடு சப்வே என்னும் நிலக்கீழ் ரயிலில் போக இருப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு உதவும். தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு ஒக்ரோபர் சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு செல்வமலர் அன்ரியோடு போனேன். பல்கலைக்கழக மண்டபமொன்றில் விவாதம்: நிலத்தைத் துளைத்துப் பதுங்குகுழிகளை அழிக்கும் அணுகுண்டு தேவையா, இல்லையா? தமிழ் வானொலியில் அறிவித்தல் கேட்ட நாளில் இருந்து, பேச வருகிறவர்களைக் குறித்து, "தம்பி, உவையிட்ட எனக்கு ஒண்டு கேக்கோணும்" என்று அன்ரி என்னை விடவில்லை.

கென்னடி நிலையம் வரை பஸ், பிறகு சப்வே. ஏறக்குறைய இருபது கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம். விக்டோரியா பார்க் நிலையம் தாண்டிச் சற்று நேரத்தில் ரயில் நிலத்துக்குக் கீழே இறங்கும். அன்ரி என் கையை இறுக்கிப் பிடித்தார். டொன் பள்ளத்தாக்குப் பாலத்தில் வெளிச்சம் வந்தபோதுதான் விட்டார்.

மேடையில் இரண்டு பேர். எதிரி ஆயுதங்களை ஆழத்தில் ஒளிக்கிறான், சிறிய அணுகுண்டென்றால் சேதமும் சிறிது என்றார் ஒருவர். எந்தக் குண்டும் அவ்வளவு ஆழம் போகாது, நஞ்சு மண் ஊர்மேல்தான் கொட்டும், சிறிது என்று சொல்லிச் சொல்லியே துணிந்து போட்டுவிடுவார்கள் என்றார் மற்றவர். நன்றாகத்தான் பேசினார்கள். கோப்பியும் நன்றாக இருந்தது.

அன்ரி ஒலிவாங்கிக்குப் போனார். "குழிக்குள்ள ஆர் இருக்கினம் எண்டு மேல இருந்து எப்பிடித் தெரியும்?" நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

பொதுமக்களுக்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கப்படும் என்றார் முதலாமவர், பணிவாகவே. அதை அன்ரிக்குத் தமிழில் சொன்னேன்.

ஐயோ, எச்சரிக்கை! யாழ்ப்பாணத்தில் எச்சரிக்கை வந்தால் நாங்கள் எங்கே போனோம்? வீட்டு வளவுக்குள் குழி வெட்டி, தென்னங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்ட பங்கருக்குள்தான்.

"ஓம்," என்றார் அன்ரி. "பிளேன் வருது எண்டு சனம் கத்த, நான்தான் மகனைப் பங்கருக்குள்ள இறக்கினனான். உலையை இறக்கிப்போட்டு வாறன் எண்டு நான் வெளியில நிண்டனான்."

அதையும் சொன்னேன். "வருந்துகிறேன்" என்றார் அவர். அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

என் புத்திமதி: இப்படி ஒருவரோடு போனால் திரும்பும்போது சப்வே வேண்டாம். நாங்கள் ஸ்ட்ரீட்கார் என்ற ட்ராம் வண்டியிலும் பஸ்களிலும் மாறி மாறி வந்தோம். இரண்டு மடங்கு நேரம். ஆனால் வானம் தெரியும். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

கடைசி பஸ்ஸில் அன்ரி மெல்லக் கேட்டார்: "வெளியில விட்டிருந்தால் பிள்ளை தப்பியிருப்பானோ, தம்பி? குண்டைப் பற்றிப் படிச்சவை எல்லோ, சொல்லுவினம் எண்டுதான் வந்தனான். அங்க வாய் வரேல்லை."

"இல்லை அன்ரி, தப்பியிருக்க மாட்டான்" என்றேன். நான் குண்டைப் பற்றிப் படித்தவன் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.