எல்லோருக்கும் ஒரே நடை

திண்டிவனத்தில் டயர் கடைக்கு மேல்மாடி. அதுதான் எங்கள் அனிமேஷன் ஸ்டூடியோ. நாங்கள் அக்கா என்று கூப்பிடும் முதலாளி, சென்னை வேலையை உதறிவிட்டு வந்து தொடங்கியது. நானும் இன்னொரு பையனும் வரைகிறவர்கள். விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் வருவேன்.

நடித்துப் பார்க்காமல் எதையும் வரையக்கூடாது என்பது அக்காவின் சட்டம். நாங்கள் இரண்டு பேரும் கூச்சத்தில் நெளிவோம். அதனால் எல்லா வேஷமும் அக்காவே கட்டுவார். அதை போனில் எடுத்து, பார்த்துப் பார்த்து வரைவோம்.

விளம்பரம், கல்யாண வீடியோ என்று ஓட்டிய பிறகு எங்கள் முதல் சொந்தப் படம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பறிக்கும் ஒரு பெண், காய்ச்சலில் கிடக்கும் மகளைத் தூக்கிக்கொண்டு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு நடக்கிறாள். சென்னையில் ஒரு சேனல் இதை வாங்கினால் ஸ்டூடியோ பிழைக்கும். இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் ஒட்டி முதல் தடவை ஓடவிட்டோம். அந்த அம்மா, கண்டக்டர், டீக்கடைக்காரர் எல்லோரும் இடது காலை இழுத்து நடந்தார்கள். பைக்கில் விழுந்ததிலிருந்து அக்காவின் நடை அது. மாதக்கணக்கில் வரைந்தும் எங்கள் கண்ணில் படவே இல்லை.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "அடப்பாவிங்களா, ஆட்டைக்கூட விடலியா?"

சேனலுக்குக் காட்ட ஒரு வாரம்தான் இருந்தது. கூச்சத்தை மூட்டைகட்டிவிட்டு மொட்டை மாடியில் நாங்களே நடந்தோம். பையன் கண்டக்டர் ஆனான். ஆடாக நடிப்பது என் தலையில் விழுந்தது, நாலு காலில் போனேன். அந்த அம்மாவை மட்டும் மாற்ற மாட்டேன் என்றேன்.

"என்னைப் பாத்துப் பாவப்படறியா?" அக்காவுக்குச் சுருக்கென்று கோபம்.

"இல்லக்கா. அந்தப் பொம்பள வலியோடவே போய்க்கினு இருக்கா, நிக்கல. அது உங்க நடைதான். என்னால அப்படி நடக்க முடியாது."

அக்கா மாற்றச் சொல்லவில்லை.

சேனலில் படம் முடிந்ததும், முடிவெடுக்கும் அதிகாரி அம்மா கேட்டார். "அந்த அம்மாவோட நடை மனசுலயே நிக்குது. யாரைப் பார்த்து வரைஞ்சீங்க?"

அக்கா எழுந்து, விளக்கைப் போட சுவரோரம் நடந்தார். அதிகாரி அம்மா அக்காவின் நடையை விளக்கு எரியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு, "அடுத்த படம் எப்போ தருவீங்க?" என்றார்.