வாய்க்காலில் நட்ட பயிர்

போன வாரம் தஞ்சாவூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆதார் அட்டையைக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். மெஷினிலிருந்து தாள் சூடாக வந்து விழுந்தது. அந்தச் சூட்டு வாசனை இருக்கிறதே, எனக்கு மல்லிகைப்பூ மாதிரி. சொன்னால் சிரிப்பீர்கள். படிப்பை முடித்ததும் குடவாசல் பக்கம் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இப்படி ஒரு கடையில்தான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் முழுக்க எனக்கு இரண்டே வேலைதான். காலையில் மனை விற்பவருக்கு நோட்டீஸ்: "இயற்கை எழில் சூழ்ந்த வீட்டுமனைகள்! இலவச வேன்! மதியம் பிரியாணி!" சாயங்காலம் அதே கம்ப்யூட்டரில் அவருக்கு எதிரான மனு. இரண்டையும் மனசார அடித்தேன். ஆச்சரியக்குறி மட்டும் நோட்டீசுக்குக் கொஞ்சம் கூடுதல்.

மனு கொண்டுவருபவர் மலர்க்கொடி அக்கா. கீழத்தெருவின் நடவு ஆட்களுக்கெல்லாம் அவர்தான் தலைவி. அவர்கள் தெருத் தண்ணீர் வடிகிற வாய்க்காலின் ஒரு முனையில் மனை விற்பவரின் ஆட்கள் செம்மண்ணைக் கொட்டி மூடி, மனைப் படத்தில் அதைச் சாலை என்று வரைந்துவிட்டார்கள். ஐப்பசி மழை பிடித்தால் கீழத்தெரு அடுப்பெல்லாம் தண்ணீருக்குள்.

"வீடே கட்டக் கூடாதுன்னு எழுதிடாத பாப்பா. நாங்களே ஒரு நல்ல வீட்டுக்கு அலையுறவங்க. தண்ணி போற வழிய விட்டுட்டுக் கட்டச் சொல்லு, அது போதும்" என்பார் ஒவ்வொரு முறையும்.

மனுக்களுக்குப் பதில் வரவில்லை. அப்போது, பெரிய மூளைக்காரி மாதிரி, நான் ஒரு யோசனை சொன்னேன்.

"நாத்து நடுற போராட்டம் பண்ணலாங்க்கா. மிச்ச வாய்க்கால்ல சேறாத்தானே கெடக்கு? நாலு முடி நாத்து நட்டாப் போதும். போட்டோ எடுத்து அனுப்பிடலாம்."

நடவு ஆட்களிடம் போய் நாலு முடி நடச் சொன்னேன் பாருங்கள், அதுதான் தப்பு. சேற்றில் இறங்கிய பிறகு அவர்களுக்கு நிறுத்தத் தெரியவில்லை. நான் கோணலாக நட்ட ஐந்தாறு குத்துகளை அக்கா பிடுங்கி வரிசைப்படுத்தினார்.

"போட்டோவுக்குத்தானேக்கா?" என்றேன்.

"எதுக்கு நட்டாலும் பயிரு பயிருதான்."

வாய்க்கால் நெடுக நட்டுவிட்டுத்தான் கரையேறினார்கள். சில நாளில் பயிர் பச்சை பிடித்தது. போராட்டத்துக்குக் களையெடுத்தவர்களை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

பயிர் இருந்தால் கணக்கில் எழுத வேண்டும் அல்லவா? கிராம நிர்வாக அதிகாரி வந்தார், பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். பின்னாலேயே அக்கா பெயருக்கு பி மெமோ வந்தது, அரசு நிலத்தை ஆக்கிரமித்ததாக. வாய்க்காலை மூடியவரை விட்டுவிட்டு, அதைக் காக்கப் போனவர் மேல் நோட்டீஸ். நகல் எடுக்கச் சொல்லி அக்கா அதை என்னிடம் நீட்டினார். என் புத்திசாலித்தனத்தை நானே திட்டிக்கொண்டு மெஷினில் வைத்தேன். சூடாக வந்த தாளை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன்: "வடிகால் வாய்க்கால் புறம்போக்கில் அனுமதியின்றி நெல் சாகுபடி."

"அக்கா! இது வாய்க்கால்னு அவங்களே சர்வே நம்பரோட எழுதிக் குடுத்திருக்காங்க!"

அடுத்த திங்கட்கிழமை அந்தத் தாளோடு கலெக்டர் முன்னால் போய் நின்றோம். செம்மண்ணை அள்ளச் சொல்லி உத்தரவு வந்தது. மனைப் படத்தையும் மாற்றி வரைந்தார்கள். ஆனால் வாய்க்காலைச் சுத்தமாகக் காலி செய்ய வேண்டும் என்றும் உத்தரவில் இருந்தது. பயிர் அப்போது பால் பிடித்திருந்தது. நட்டவர்களே இறங்கிப் பிடுங்கினார்கள். ஜெயித்தவர்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன்.

ஜெராக்ஸ் கடையிலிருந்து வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். இந்த மழைக்கும் தெருவில் தண்ணீர் நிற்கவில்லையாம். வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் சிமெண்ட் சுவர் கட்டியிருக்கிறார்களாம்.

"நடவுக்கெல்லாம் போறீங்களாக்கா?"

"எங்க போறது? வயலெல்லாம் ஒண்ணொண்ணா மனையாயிருச்சு. இப்ப நம்ம ஊர்ல நாத்து நடணும்னா அந்த வாய்க்கால் ஒண்ணுதான் பாக்கி" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டுக் கையிலிருந்த நகலை முகர்ந்து பார்த்தேன்; சூடு ஆறியிருந்தது.