திரும்பி வரும் தூரம்

ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடலாம் என்று என்னிடம் யாராவது கேட்டால், எனக்கு முப்பத்தைந்து நிமிடம் என்பேன். சர்க்கரை டாக்டர் சொன்ன அளவு இல்லை அது. அவர் அரை மணி நேரம் நடந்தால் போதும், இந்த வயதில் ஓட்டமெல்லாம் எதற்கு என்றார். கடற்கரைச் சாலையில் கூட்டமாக ஓடுகிறவர்கள், முட்டி வலிக்காத வரை ஓடலாம் என்றார்கள். எதிர்வீட்டுக்காரி அளவே சொல்லவில்லை. படுத்துக்கிடக்கிற புருஷனை வைத்துக்கொண்டு ஒருத்தி ஓடவே கூடாது என்பது அவள் கட்சி. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்களே தவிர, ஒருவரும் வந்து ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

என் கணவர் தட்டாஞ்சாவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சு ஒவ்வொரு சொல்லாக, இழுத்து இழுத்து வரும். புத்தி மட்டும் பழையபடியே இருந்தது. அதுவும் போயிருந்தால் இரண்டு பேருக்கும் நல்லது என்று நான் நினைத்ததுண்டு.

காலை ஐந்து மணிக்கு டயப்பர் மாற்றி, முதுகில் புண் வராமலிருக்க ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையணையை முட்டுக்கொடுத்து, வெளியே பூட்டிக்கொண்டு கிளம்புவேன். முத்தியால்பேட்டையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பம் வரை போய்த் திரும்பினால் முப்பத்தைந்து நிமிடம். அவ்வளவு நேரமும் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். சர்க்கரைக்காக ஓடுகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னது பொய். விட்டால் போதும் என்றுதான் ஓடினேன்.

மகன் பிரான்சில் இருக்கிறான். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அந்த வழியில் கிடைத்த பாஸ்போர்ட்டில் போனவன். போன தடவை வந்தபோது ஓட்டக்காரர்கள் கட்டும் கடிகாரம் ஒன்று வாங்கிவந்தான். நான் ஓடும் பாதை என் போனிலும் அவன் போனிலும் சிவப்புக் கோடாக விழும். அப்பாவைத் தூக்கி உட்காரவைக்க ஓர் ஆள் ஏற்பாடு செய்யத் தோன்றவில்லை, கோடு பார்க்க ஏற்பாடு செய்தான். வாரா வாரம் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும் என்று உபதேசம் வேறு.

ஒரு சனிக்கிழமை நான் கோட்டக்குப்பத்தில் திரும்பவில்லை. முந்தின நாள் அவர் சோற்றுத் தட்டைத் தட்டிவிட்டிருந்தார். நானும் வாய்க்கு வந்தபடி பேசியிருந்தேன். கால் தன் பாட்டுக்குப் போனது. பிள்ளைச்சாவடி வந்தபோது விடிந்திருந்தது. பஸ் ஸ்டாப்பில் மீன்கூடைகளோடு நான்கைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். சென்னை பஸ் ஒன்று, அதைப் பிடிக்கத்தான் நான் ஓடிவருகிறேன் என்று நினைத்து எனக்காக நின்றது.

“ஓடியாராதம்மா, மெதுவா வா. நிறுத்திட்டம்ல,” என்றார் கண்டக்டர்.

கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்தும்விட்டேன். போன் உறைக்குள் ஐந்நூறு ரூபாய் இருந்தது, எங்காவது விழுந்து அடிபட்டால் ஆட்டோவுக்கு ஆகுமென்று வைத்தது. சென்னையில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை. அவரை யோசித்தேனா என்றால், அதுவும் இல்லை. சென்னைக்கா என்று கண்டக்டர் கேட்டபோதுதான் வீட்டுச்சாவி இடுப்பில் இருப்பது உறைத்தது. அந்தக் கதவைத் திறக்க வேறு சாவி கிடையாது. காலைக் கீழே இறக்கினேன். கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே விசில் கொடுத்தார். கடிகாரத்தை அங்கேயே நிறுத்திவிட்டு ஷேர் ஆட்டோவில் திரும்பினேன்.

வீட்டில் அவர் நனைந்து கிடந்தார். தலையணை நழுவி, செயல்படாத கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. கால் பிசகிவிட்டது என்று நானாகவே சொன்னேன்.

மறுநாள் மகன் வீடியோவில் வந்தான். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறாள் பாருங்கள் என்று அப்பாவுக்கு அந்தக் கோட்டுப் படத்தைக் காட்டினான். எங்கள் வீட்டில் தொடங்கி வடக்கே ஒரே கோடு. மற்ற நாட்களில் கோடு போய்த் திரும்பி வீட்டில் வந்து முடியும். இது போனதோடு சரி. மகனுக்கு அது படவில்லை. கம்பெனி வேலையாக அந்த வழியில் இருபது வருடம் சென்னைக்குப் போய்வந்த மனிதருக்குப் பட்டது.

மகன் போனை வைத்தபிறகு, “பஸ் ஸ்டாப்பு,” என்றார். பிறகு, “ஏன்... ஏறல?”

“சாவி எங்கிட்ட இருந்துச்சு,” என்றேன்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். உங்களை விட்டுவிட்டு எங்கே போவேன் என்றிருந்தால், நம்பியதுபோல் நடித்திருப்பார். அந்த அளவுக்கு நல்லவர்தான்.

அன்றிலிருந்து நான் வந்ததும் போனை நீட்டச் சொல்கிறார். அசைகிற கையின் விரலால் அன்றைய கோட்டைத் தொட்டுக்கொண்டே போகிறார். கோட்டக்குப்பம் போய், திரும்பி, எங்கள் தெருவுக்குள் விரல் வந்து நின்ற பிறகுதான் காபிக்கு வாய் திறக்கிறார். பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருக்கும்.

உடம்பில் தெம்பு இருக்கிறது, முட்டியிலும் வலி இல்லை. இருந்தும் முப்பத்தைந்து நிமிடத்தைத் தாண்டுவதில்லை. அதற்கு மேல் ஓடினால் திரும்புவேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

போன வாரம் எதிர்வீட்டுக்காரி வந்து, அவசரத்துக்கு ஆகும், ஒரு மாற்றுச்சாவி செய்து தன்னிடம் கொடுத்துவை என்றாள். நல்ல மனதோடுதான் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் பஸ்ஸில் ஏறிவிடுவேன்.