பார்லிமென்ட் எழுதிய சட்டமும் பரீட்சகர் எழுதிய கைடும்

அந்த நோட்டீசை இன்று கேட்டாலும் வார்த்தை பிசகாமல் ஒப்பிப்பேன். ‘பரீட்சைக்கு உரிய பாடம், பார்லிமென்ட் இயற்றிய சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் மட்டுமே.’ மட்டுமே என்ற சொல்லுக்கு அடியில் கோடு வேறு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டைப் போட்ட கையை அன்றைக்கே முறித்திருக்க வேண்டும்.

ஜார்ஜ் டவுனில் ஒரு பங்குத் தரகரிடம் அப்போது நான் குமாஸ்தா. பங்குப் பத்திரங்களைத் தோல் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக நடப்பது வேலை. பங்கு வியாபாரத்துக்குப் புதுச் சட்டம் வந்த மறுவருஷம், தரகர்கள் சங்கம் ஒன்று குமாஸ்தாக்களுக்குப் பரீட்சை வைத்தது. பாஸ் செய்தவனுக்கு லைசென்ஸ், சட்டையில் குத்திக்கொள்ளப் பித்தளை பேட்ஜ். பேட்ஜ் உள்ளவன் பங்குச் சந்தை ஹாலுக்குள் நின்று முதலாளி பேரில் பங்கு வாங்கலாம், விற்கலாம். இல்லாதவன் வராந்தாவில் பையோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எங்கள் ஆபீசுக்கு ஒரே ஒரு லைசென்ஸ். முதலாளி பச்சையாகவே சொல்லிவிட்டார்: “ரெண்டு தடவை எழுதிப் பாரு. வரலேன்னா அந்த இடத்தை என் மச்சினனுக்குக் குடுத்துடுவேன்.”

மற்ற ஆபீஸ் குமாஸ்தாக்கள் எல்லோரும் ஒரு கைடு வாங்கினார்கள். பச்சை அட்டை, மெல்லிசுப் புத்தகம். எழுதியவர் சங்கத்தில் வெகுகாலம் இருந்து ஓய்வுபெற்றவர். எனக்கு வாங்கப் பிடிக்கவில்லை. சட்டமே பாடம் என்று சங்கமே எழுதி ஒட்டியிருக்கும்போது, சட்டத்தைப் பற்றி யாரோ எழுதியதை நான் ஏன் படிக்க வேண்டும்? அப்போது எனக்கு அச்செழுத்தின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. சர்க்கார் முத்திரை இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

சர்க்கார் புத்தக டிப்போவுக்கு மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் “ஸ்டாக் இல்லை.” நான்காம் தடவை போகிற அவசியம் வரவில்லை. ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் மளிகைக்கடை வைத்திருந்தார். சர்க்கார் ஆபீசுகளில் கழித்துப்போட்ட காகிதத்தைக் கட்டுக்கட்டாக எடைக்கு வாங்கிப் பொட்டலம் மடிப்பார். ஒருநாள் துவரம்பருப்புப் பொட்டலத்தைப் பிரித்தால் கெஜட்டின் ஒரு பக்கம், அதில் என் சட்டத்தின் பெயர். அப்படியே கடைக்கு ஓடினேன்.

“இதுக்காகவா தம்பி ஓடி வாரிய? உள்ள ஒரு கட்டு கெடக்கு, வேணுங்கிறத எடுத்துக்கிடுங்க” என்றார் அண்ணாச்சி.

மிளகாய் மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து தும்மித் தும்மிப் பொறுக்கினேன். ஒரு பக்கமும் குறையாமல் முழுச் சட்டமும் கிடைத்தது. அம்மாவின் ஊசி நூலை வாங்கித் தைத்துப் புத்தகமாக்கினேன்.

அம்மாவுக்கு மீன் வியாபாரம். கரையில் ஏலம் எடுத்துக் கூடையில் கொண்டுபோய் விற்பாள், மிஞ்சியதை உப்புப் போட்டுக் காயவைப்பாள். சாயங்காலம் அவள் மீனைக் கீறி உப்புத் தடவும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் சட்டத்தைப் படிப்பேன். இங்கிலீஷில் ஒரு தடவை, எனக்குப் புரிகிறதா என்று பார்க்கத் தமிழில் ஒரு தடவை. உடனடி ஒப்பந்தம் என்று ஒன்று வந்தது. பங்கைக் கொடுப்பதும் பணம் வாங்குவதும் ஒப்பந்தம் பேசிய அன்றைக்கே, அல்லது மறுநாள் முடிந்துவிட வேண்டும். இருவரும் ஒரே ஊரில் இல்லையென்றால் தபாலில் போய்ச்சேரும் நாட்கள் கணக்கில் சேராது. இதைத் தமிழில் சொன்னபோது அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

“இத்த எயுத டில்லி வரிக்கும் போனாங்களா நைனா? நம்ம கரையில கீற சட்டம்தானே இது! காலைல மீன எடுத்தா துட்டு இன்னிக்கி, இல்லாங்காட்டி நாளிக்கு. பெங்களூருக்குப் பொட்டி போட்டா ரயில்ல போற நாளு சேத்தி இல்ல. இதுகூடத் தெரியாதவன் இன்னா யாவாரம் பண்ணுவான்?”

அதற்கப்புறம் அந்தப் பிரிவு அம்மாவுடையதாகிவிட்டது. தெருவில் யாராவது என் படிப்பைப் பற்றி விசாரித்தால், “இன்னிக்கி இல்லாங்காட்டி நாளிக்கு” என்று அவளே பாடம் சொல்வாள். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு ஒரு சட்டப் பிரிவு மனப்பாடம்.

பரீட்சையில் அதே பிரிவிலிருந்து பெரிய கேள்வி வந்தது. சிரித்துக்கொண்டே எழுதினேன். பெங்களூர் உதாரணத்தைக்கூட விடவில்லை, மீனை மட்டும் எடுத்துவிட்டுப் பங்கைப் போட்டேன்.

ரிசல்ட்டில் என் நம்பர் இல்லை.

விடைத்தாளைப் பார்க்க வேண்டும் என்று சங்கத்துக் காரியதரிசியிடம் போய் நின்றேன். மூன்று நாள் அலைக்கழித்துவிட்டுக் காட்டினார். அந்தப் பதிலுக்குக் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் பூஜ்யம். ‘அதே நாள் மட்டும்’ என்று ஓரத்தில் திருத்தியும் இருந்தது. நான் தைத்த கெஜட்டைப் பையிலிருந்து எடுத்து அந்தப் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை இரண்டு விரலால் தள்ளினார்.

“என்னப்பா இது, கருவாட்டு வாடை அடிக்கிறதே? எங்கேருந்து பொறுக்கிண்டு வந்தே?”

“சட்டம் சார். கெஜட்டில் வந்தது. மறுநாளும் சேர்த்தின்னு போட்டிருக்கு, படிச்சுப் பாருங்க.”

அவர் படிக்கவில்லை. மேஜை டிராயரைத் திறந்து அந்தப் பச்சைக் கைடை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். அதே நாள் மட்டும் என்று இருந்தது. சந்தையின் ஏதோ பழைய வழக்கத்தை அப்படியே எழுதி, அட்டையில் மட்டும் புதுச் சட்டம் என்று அச்சடித்திருந்தார் அந்த மனிதர்.

“இதை எழுதினவர்தான் உன் பேப்பரைத் திருத்தினவர். அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடுத்து?”

“சார், இது அவர் எழுதினது. அது பார்லிமென்ட் எழுதினது.”

“பார்லிமென்டா வந்து உனக்கு மார்க் போடப்போறது?” என்றார். பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எரிகிறது. தெரியாமல் தப்பாக எழுதியதை மன்னிக்கலாம், யாருக்கும் நேரும். சட்டத்தைக் கண்ணெதிரே விரித்து வைத்தும் குனிந்து பார்க்க மாட்டேன் என்றவனை எப்படி மன்னிப்பது? கருவாட்டு வாடையாம்! அந்த வாடைதான் எனக்கு ஸ்கூல் சம்பளம் கட்டியது. சர்க்காருக்குப் பதிவுத் தபாலில் விளக்கம் கேட்டு எழுதினேன். மாதங்கள் போயின. ‘தங்கள் கடிதம் கிடைத்தது’ என்று ஒரு கார்டு வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

இரண்டாம் பரீட்சைக்கு நோட்டீஸ் ஒட்டினார்கள். அதே வாசகம், அதே கோடு. முதலாளியின் மச்சினன் தினமும் ஆபீசுக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்திருந்தார். கடைசியில் நானும் பாரிமுனைக்குப் போய்ப் பச்சைக் கைடை வாங்கினேன். இரண்டாம் பதிப்பு. நின்ற இடத்திலேயே அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். திருத்தியிருப்பார்கள் என்று உள்ளூர நம்பியிருக்கிறேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல! அதே நாள் மட்டும். ஒரு எழுத்து மாறவில்லை.

அதே கேள்வி மறுபடியும் வந்தது. மற்றக் கேள்விகளை எல்லாம் முதலில் எழுதி முடித்தேன். பிறகு, ‘ஒப்பந்தம் பேசிய அதே நாள் மட்டும்’ என்று எழுதினேன். முத்து முத்தாக எழுதினேன். கை நடுங்கியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்தத் தடவை என் நம்பர் இருந்தது. காரியதரிசி தன் கையாலேயே பேட்ஜைக் கொடுத்து, “பார்த்தியா, ஒழுங்காப் படிச்சா வராதா?” என்றார். அவர் முகத்தில் அதை விட்டெறிந்திருக்க வேண்டும். “தேங்க்ஸ் சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் வீடு போய்ச் சேர்ந்தபோது அம்மா வாசலில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள். பேட்ஜை ஈரக்கையில் வாங்கக் கூச்சப்பட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அந்தக் கேள்வி வந்துச்சா நைனா?”

“வந்துச்சும்மா.”

“இன்னா எய்தினே?”

அவள் முகத்தைப் பார்த்தேன். “இன்னிக்கி இல்லாங்காட்டி நாளிக்குன்னுதான்” என்றேன்.

“அப்பிடி சொல்லு! போன தபா அந்தக் கெய்வனுங்க கண்ணு அவிஞ்சு பூட்ச்சு. உண்மைய எத்தினி நாளு மறைப்பானுங்க?” என்றாள். அப்புறம் பேட்ஜைக் கையில் பிடித்துக்கொண்டு, என் மகன் சட்டத்தை எழுதி ஜெயித்தான் என்று சொல்ல, கரைப்பக்கமாக வீடு வீடாகப் போனாள்.